நாலு அங்குலத்துக்கு ஒரு வரி

என் வீட்டுக்காரருக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வரும். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கான கோபத்தையும் அக்காவே பார்த்துக்கொள்கிறாள், மாமா ஓய்வெடுக்கிறார் என்று என் தம்பி கிண்டல் செய்வான். அவன் வாய் திறந்து கிண்டல் செய்ததெல்லாம் ஒரு காலம். அவன் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இவர் வேலை பார்ப்பது பலகை ஆலையில். மரத்தைச் சில்லுச் சில்லாக வெட்டி, வேகவைத்து, பஞ்சு மாதிரி நாராக்கி, பசை கலந்து, சூட்டில் வைத்து அழுத்திப் பலகை செய்கிற இடம். இன்றைக்கு எந்த வீட்டுக்குள் போனாலும் கதவும் அலமாரியும் இந்தப் பலகைதான். ஆனால் அழுத்துகிற எந்திரத்திலிருந்து வெளியே வரும்போது அதைக் கண்கொண்டு பார்க்க முடியாது. மேல் தோல் பொருக்குத் தட்டி, ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து கிடக்கும். அதை வழிக்குக் கொண்டுவருவது தேய்ப்பு எந்திரம். உள்ளே கட்டில் அகலத்துக்கு உப்புத்தாள் பட்டைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். முதலில் முரட்டுப் பட்டை, அடுத்தது நடுத்தரம், கடைசியில் நைசானது. பலகை இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருவதற்குள் மூன்று பட்டையும் அதன் மேல் ஒரு முறை போய்விடும்.

அந்தப் பட்டைகளை மாட்டுவதும், வெளியே வருகிற பலகையைச் சோதிப்பதும் இவருடைய வேலை. எல்லோரும் விளக்கைத் தாழ்வாகப் பிடித்து, கண்ணைச் சாய்த்துப் பார்ப்பார்கள். இவரும் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை வைத்து நீளமாக ஒரு இழுப்பு இழுப்பார். சரியாக இருந்தால் "வழவழ" என்பார். சரியாக இல்லாவிட்டால் "இன்னும் இல்ல" என்பார். வேலை நேரத்தில் இதைத் தவிர வேறு பேச்சு அவர் வாயிலிருந்து வந்ததாக யாரும் சாட்சி சொல்ல முடியாது. அதனால் ஆலையில் அவர் பெயரே வழவழ என்று ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் நான் தைத்துக் கொடுத்த சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமும் "இன்னும் இல்ல" என்றார். நான் தையல்காரி, எனக்கும் தொழில் மானம் உண்டு. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாகத்தான் கிடைத்தது.

என் தம்பியை அதே ஆலையில் சேர்த்துவிட்டவர் இவர்தான். நான் கேட்கக்கூட இல்லை. தேய்ப்பு எந்திரத்தின் பொத்தான் மேடையில் உட்கார்ந்து வேகத்தையும் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்கிற வேலை. மூன்று மாதம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பிரிவுக்கு மேற்பார்வையாளன் ஒருவன் இருந்தான். அவனுக்கு வைத்த பெயர் சீக்கிரம். காலையில் உள்ளே நுழையும்போது "சீக்கிரம்" என்பான், வெளியே போகும்போதும் அதையே சொல்வான். நடுவில் என்ன சொன்னான் என்பது யாருக்கும் நினைவிருக்காது. நான் அவனுக்கு மரியாதை கொடுத்து எழுதப் போவதில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய கதவுக் கம்பெனிக்குப் பலகை போயிற்று. கண்ணாடி மாதிரிப் பளபளப்பு பூசுகிற கதவுகள். ஆலையை விட்டுப் போகும்போது பலகையில் ஒரு குறையும் தெரியவில்லை. பளபளப்பு ஏறியதும், குறுக்கே வரி வரியாக, காற்றடித்த குட்டைத் தண்ணீர் மாதிரி அலை தெரிந்திருக்கிறது. மொத்தச் சரக்கும் திரும்பி வந்தது. விசாரணை வைத்தார்கள். சீக்கிரம் ஒரு காரணம் எழுதிக் கொடுத்தான். உப்புத்தாள் பட்டை பெட்டியில் சுருண்டு வரும். அதை எடுத்த எடுப்பில் மாட்டக் கூடாது, ஒரு நாள் முழுக்கக் குழாயில் தொங்கவிட்டுச் சுருள் போன பிறகுதான் மாட்ட வேண்டும். வழவழ சோம்பல்பட்டு, தொங்கவிடாத பட்டையை மாட்டிவிட்டார், அதனால்தான் வரி விழுந்தது என்று எழுதினான்.

சோம்பலாம், இவருக்கு! மழை பெய்தால் நள்ளிரவில் எழுந்து, ஆலையில் பட்டை ஈரம் வாங்கியிருக்குமோ என்று புலம்புகிற மனுஷன்.

அந்தச் சரக்கு ஓடிய மாலை ஷிப்டு முறையில் இவர் இல்லை. பட்டையை மாட்டிவிட்டு மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். அதைச் சொன்னார். மாட்டியது நீதானே என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். அதோடு விசாரணை முடிந்தது. அறிவிப்புப் பலகையில் இவர் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'அலட்சியம்' என்று எழுதி ஒட்டினார்கள். தேய்ப்பு எந்திரத்திலிருந்து தூக்கித் தூசி அறையில் போட்டார்கள். பலகையைத் தேய்க்கிறபோது பறக்கிற மாவை உறிஞ்சி ஓர் அறையில் கொட்டும். அதை மூட்டை பிடிக்கிற வேலை. மாலையில் இமை முடி வரைக்கும் மாவு படிந்து வருவார். நான் வயிறெரிந்து கத்துவேன். அவர் கால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்காருவார். பேசித் தொலையேன் என்றால் வழவழா கொழகொழா என்று ஏதாவது சொல்வார். சரியான கல்லுளிமங்கன்.

அன்றைக்கு நான் மனதில் முடிவு செய்தேன். தப்பு என்னுடையது என்று அந்தச் சீக்கிரம் தன் வாயால், நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் நான் விடுவதில்லை.

திரும்பி வந்த பலகைகளை ஆலை வாசலில் அடுக்கி, வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னார்கள். அப்படிச் சொன்னவனும் அந்தச் சீக்கிரம்தான். பெரிய புத்திசாலி. நான் போய் ஒன்றை எடுத்துவந்தேன். தச்சரிடம் கொடுத்து ஐந்தடி நீளத்தில் சாப்பாட்டு மேசை செய்தேன். மேலே கறுப்புப் பளபளப்புச் சாயம் அடிக்கச் சொன்னேன். இவர் தயங்கித் தயங்கி, பளபளப்பு அடித்தால் அலை தெரியுமே என்றார். தெரியட்டும் என்றுதான் அடிக்கிறேன் என்றேன். ஆலை முத்திரையும் தேதியும் முறையும் அச்சடித்திருந்த ஒரு விளிம்பை மட்டும் சாயம் படாமல் விடச் சொன்னேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது, மனதில் கறுவிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். மேசைக்கு நான் விரிப்பு போட்டதில்லை. மாலை வெயில் சன்னல் வழியாகத் தாழ்வாக விழும்போது ஒவ்வொரு வரியும் எழுந்து நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் பத்து வருடம் சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் என் தம்பியும் அங்கேதான் சாப்பிட்டான். தலையைத் தூக்காமல் சாப்பிடுவான். பசி என்று நினைத்து நானும் அள்ளி அள்ளி வைத்தேன்.

அங்கே சீக்கிரம் ஆலை மேலாளர் ஆகிவிட்டான். தனி அறை, சுழல் நாற்காலி. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் எப்படியிருக்கிறார் வழவழ என்று விசாரிப்பான். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நல்லா இருக்கார் என்பேன்.

போன வருடம் ஒரு நாள் அந்த மேசையில் திரைத்துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கோடு போடுகிற சாக்பீஸ் நொறுங்கிக் கொட்டிவிட்டது. துணியை எடுத்துவிட்டு மாவை உள்ளங்கையால் வழித்தேன். மேட்டில் இருந்த மாவு கையோடு வந்துவிட்டது, பள்ளத்தில் இருந்தது தங்கிவிட்டது. கறுப்பு மேசையில் குறுக்கே வெள்ளை வெள்ளையாகப் பதினைந்து கோடு. கழுத்தில் அளவு நாடா கிடந்தது. தொழில் புத்தி சும்மா இருக்காது, வைத்து அளந்தேன். நாலு, எட்டு, பன்னிரண்டு, பதினாறு. நூல் பிசகாமல் நாலு அங்குலத்துக்கு ஒரு வரி.

எனக்குத் தையல் எந்திரம் ஞாபகத்துக்கு வந்தது. ஊசி அதன் பாட்டுக்கு ஒரே கதியில் குத்திக்கொண்டிருக்கும். அவசரத்தில் துணியைப் பிடித்து இழுத்தால் தையல் அகலும். ஒரு புடவை ஓரத்தைப் பார்த்தே, இதை அடித்தவள் பொறுமையாக அடித்தாளா, பறந்துகொண்டு அடித்தாளா என்று சொல்லிவிடுவேன். பலகையும் அப்படித்தானே ஒரு பட்டைக்கு அடியில் ஓடுகிறது? நான் துணி வெட்டுவதை விட்டுவிட்டு அவர் வருகிற வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன்.

"உப்புத்தாள் பட்டையில ஒட்டு இருக்கும்ல?"

இருக்கும் என்றார். நீளத் தாளின் இரண்டு முனையையும் ஒட்டித்தான் பட்டை ஆக்குவார்கள், ஒட்டின இடம் மயிரிழை தடிப்பாக இருக்கும், ஒரு சுற்றுக்கு ஒரு தடவை பலகையில் படும், வழக்கமான வேகத்தில் கடைசி நைஸ் பட்டை அந்தத் தடத்தை அழித்துவிடும் என்று விளக்கினார். எந்திரத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் இவருக்குப் பேச்சு வரும்.

"வழக்கமான வேகத்துல எத்தனை அங்குலத்துக்கு ஒரு தடவை படும்?"

சாப்பிடுகிற கை நின்றது.

"ரெண்டு," என்றார்.

"இங்க நாலு இருக்கு."

"தெரியும்."

அந்தத் தெரியும் என்ற சொல்லைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பத்து வருடமாகத் தெரிந்திருக்கிறது. திரும்பி வந்த பலகையில் முதல் நாள் கை வைத்தபோதே தெரிந்திருக்கிறது. சுருளோடு பட்டையை மாட்டினால் வரி விழலாம், ஆனால் இடைவெளி அகலாது. யாரோ வேகத்தை இரட்டிப்பாக்கிப் பலகையை ஓட்டியிருக்கிறார்கள். அவ்வளவு வேகத்தில் கடைசிப் பட்டைக்கு அழிக்க அவகாசம் கிடைக்காது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு, தூசி அறையில் மாவைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், அந்த மாலை முறையில் பொத்தான் மேடையில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்டேன். தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டார். மறுபடியும் கேட்டேன்.

"உன் தம்பி," என்றார்.

பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். வேகப் பதிவேட்டில் வழக்கமான முப்பது என்று எழுதிக் கீழே அவன் கையெழுத்துப் போட்டிருந்தது, பொய்க் கையெழுத்து என்று வெளியே வந்தால் முதலில் போவது அவன் வேலைதான், அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம் என்றார். "உன்கிட்ட சொன்னா நீ என்ன பண்ணுவேன்னு தெரியும். அதான் சொல்லல."

சரியாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். வழக்கம்போல உட்கார்ந்தான். நான் தட்டு வைக்கவில்லை. மேசை மேல் சாக்பீஸ் மாவைத் தூவி வழித்தேன், நாடாவை நீளத்துக்குப் போட்டேன், படி என்றேன். நாலு என்று படித்தான். எட்டு என்றான். பன்னிரண்டு வருவதற்குள் நாடாவை விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். லாரி வாசலில் நிற்கிறது, அறுபதுக்கு ஏற்று என்று சீக்கிரம் பின்னால் நின்று சொன்னானாம். இவனும் ஏற்றினானாம். சரக்கு திரும்பி வந்ததும் அந்தச் சீக்கிரமே பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, முப்பது என்று புதிதாக எழுதிக் கொண்டுவந்து நீட்டினானாம். கையெழுத்துப் போடாவிட்டால் உன்னையும் உன் மாமாவையும் சேர்த்து வெளியே அனுப்புவேன் என்றானாம்.

அறைந்தேன். இடது கையால்தான். வலது கையில் நாடா இருந்தது.

அவன் அழுதான். என் வீட்டுக்காரர் எழுந்து போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். எனக்கு அவர்மேல் இன்னும் கோபம் வந்தது. சீக்கிரத்தை ஒரு கை பார்க்க வேண்டும் என்று பத்து வருடம் காத்திருந்தவள் நான். இப்போது என் வீட்டு ஆளே குறுக்கே நிற்கிறான் என்பதற்காக விட்டுவிடுவேனா? இரண்டு பேரையும் சேர்த்தே பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

அடுத்த மாதம் ஆலையில் புதிய தேய்ப்பு எந்திரம் ஓட ஆரம்பிக்கிற நாள். ஆட்களின் குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். முதலாளியும் வருகிறார். என் தம்பியைக் காலையிலேயே வரவழைத்தேன். மேசையின் கால்களைக் கழற்றினேன். "தூக்கு" என்றேன். வண்டி பிடிக்கிறேன் என்றான். வேண்டாம், தலையிலேயே வரட்டும் என்றேன். அரை மணி நேர நடை. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் ஆலைக்குப் போகிறது என்று நானே பதில் சொல்லிக்கொண்டு முன்னால் போனேன். இவர் பின்னால் வந்தார். பாதி வழியில் தம்பியின் சுமையில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார் என்று வாசலுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

புதிய எந்திரத்தின் வாயில், வெளியே வருகிற பலகையைச் சோதிக்க நீளமான சாய்வு விளக்கு வைத்திருந்தார்கள். தாழ்வாக, பலகையோடு பலகையாக அடிக்கிற வெளிச்சம். சீக்கிரம் அதன் பக்கத்தில் நின்று, இனிமேல் ஒரு முடி அளவு குறைகூட இதிலிருந்து தப்பாது என்று முதலாளிக்கு விளக்கிக்கொண்டிருந்தான். எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? தம்பியும் இவரும் பலகையை அந்த விளக்கடியில் வைத்தார்கள். பதினைந்து வரியும் எழுந்து நின்றன. கூட்டம் நெருங்கி வந்தது.

சீக்கிரம் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஏதோ வீட்டுப் பழைய மேசை, சாயம் அடித்தது, அதைப் போய் என்று முதலாளியிடம் சொன்னான். நான் சாயம் படாத விளிம்பைக் காட்டினேன். முத்திரை, தேதி, முறை. பிறகு தம்பியைப் பார்த்தேன். அவன் முதலாளி பக்கம் திரும்பினான்.

"வேகத்த ஏத்தினது நான் சார். ஏத்தச் சொன்னது இவரு. பதிவேட்டுல கையெழுத்து என்னோடது, நம்பர் இவரோடது. மாமா பட்டைய ஒரு நாள் தொங்கவிட்டுத்தான் மாட்டினாரு."

குடும்பமாகச் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்கள் என்றான் சீக்கிரம். முதலாளி வயதானவர். இந்த எந்திரங்களோடு எந்திரமாகப் புழங்கி மேலே வந்தவர். என்னிடம் கையை நீட்டினார். கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றிக் கொடுத்தேன். தானே குனிந்து, ஒரு வரி விடாமல் அளந்தார். நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்து, என்ன வேகம் என்று கேட்டார். இவர் கண்ணை மூடினார். உள்ளங்கையை வைத்து நீளமாக ஒரு இழுப்பு.

"அறுபது," என்றார்.

முதலாளி சீக்கிரத்தின் பக்கம் திரும்பினார். நாடாவைச் சுருட்டிக்கொண்டே நின்றார். சீக்கிரம் வாசல் பக்கம் பார்த்தான். கடைசியில் வாயைத் திறந்தான்.

"லாரி நின்னுட்டு இருந்துச்சு சார்."

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் அவன் வாயால், நாலு பேருக்குப் பதிலாக நானூறு பேர் முன்னால் சொன்னான். எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இன்றைக்கு நினைத்தாலும் இனிக்கிறது.

ஒரு வாரத்தில் சீக்கிரம் போய்விட்டான். அதே அறிவிப்புப் பலகையில், என் வீட்டுக்காரர்மேல் தப்பில்லை என்று எழுதி ஒட்டினார்கள். போய் நின்று மூன்று தடவை படித்துவிட்டு வந்தேன். இவர் புதிய எந்திரத்துக்குப் போனார். பொய்க் கையெழுத்துப் போட்டதற்காகத் தம்பியைத் தூசி அறைக்கு மாற்றினார்கள். வேலையை விட்டு அனுப்ப வேண்டாம் என்று முதலாளியிடம் போய் நின்று கேட்டவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரியாமல் போனார்.

மேசை வீட்டுக்குத் திரும்பி வந்தது. கொளுத்திவிடலாம் என்று நினைத்தேன். பிறகு வேறு யோசனை தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்ததும் ஒரு மரக்கட்டையும் உப்புத்தாளும் கொடுத்தேன். வாரத்துக்கு ஒரு வரி, தேய்த்து எடு, பிறகுதான் சாப்பாடு என்றேன். தேய்த்தான். முதல் ஞாயிறு என் வீட்டுக்காரர் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, ஒரு வரியை மட்டும் தேய்த்தால் அந்த இடம் பள்ளமாகிவிடும், பலகை முழுக்கச் சேர்த்துத் தேய்க்க வேண்டும், இது முறையே இல்லை என்றார். முறை இல்லை என்பது எனக்கும் தெரியும் என்றேன்.

பதினைந்து வாரம் ஆயிற்று. பதினைந்து வரியும் போயின. கறுப்புச் சாயமெல்லாம் திட்டுத் திட்டாகப் போய், மேசை சொறி பிடித்த மாதிரி கிடந்தது. தம்பியின் இமையில் தூசி அறை மாவு, கையில் மேசை மாவு. அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கே போதும் என்று ஆகிவிட்டது. ஒன்றாக வளர்ந்தவன். தட்டைக் கழுவி எடுத்துவந்து, வா, கை கழுவு, முடிந்தது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். கோபமே வராது என்று நான் முப்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிவருகிற மனுஷன். மேசை அருகில் நின்றார். கண்ணை மூடினார். உள்ளங்கையை வைத்து, அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் நிதானமாக ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணைத் திறந்து என் தம்பியைப் பார்த்தார்.

"இன்னும் இல்ல, மாப்ள," என்றார்.

நான் தட்டைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.